மார்ச்சில் பதினொன்று, செப்டெம்பரில் பத்து

வெஸ்ட்மீட் ரயில் நிலையத்துக்குப் பின்னால், சிவப்புச் செங்கல் அடுக்குமாடிகளில் என்னோடு வளர்ந்தவர்களே, நமக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் போன மாதம் அந்தக் கல்யாண மண்டபத்தில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதிரை தேடியதையும், இன்னொருவர் பத்துப் படி ஏறிவிட்டு மூச்சு வாங்கியதையும் பார்த்தபோது, கிழடு தட்டுவதற்கு வயது ஒரு தடையே இல்லை என்று விளங்கியது. அன்று சாப்பாட்டு மேசையில் உங்களில் யாரோ என்னிடம் கேட்டீர்கள்: "உங்கடை முன்வீட்டுச் சீன ரெட்டைப் பிள்ளையள் இப்ப எங்கை?" மெல்பேர்னுக்குப் போய்விட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, பருப்பு நன்றாக இருக்கிறது என்று பேச்சை மாற்றினேன்.

அவர்கள் இரட்டையர் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று பல நாள் யோசித்தேன். பெயர், கதவு இலக்கம் எதுவும் எழுதப்போவதில்லை. இதை வாசித்தால் கோபித்துக்கொள்ள வேண்டியவள் ஒருத்திதான். அவளுக்குத் தமிழ் தெரியாது.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நடந்த வருடம் அது. எனக்குப் பத்து வயது. அப்போது ரயிலுக்குக் காகித டிக்கெட். இயந்திரத்தின் ஒரு வாயில் கொடுத்தால் மறு வாயால் துப்பும். வெளிநாட்டுக்குப் பேச வேண்டுமென்றால் கடையில் அட்டை வாங்கி, மறைத்திருக்கும் இலக்கத்தை நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். எங்கள் மாடிப்படியில் அந்தச் சுரண்டிய வெள்ளித்தூள் எப்போதும் கிடக்கும். பாதி எங்கள் வீட்டார் யாழ்ப்பாணத்துக்குப் பேசச் சுரண்டியது, மீதி முன்வீட்டார் சீனாவுக்குப் பேசச் சுரண்டியது. வெறுங்காலோடு நடந்தால் குதிக்காலில் ஒட்டும்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். அம்மா மருத்துவமனையில் தாதி. அப்பாவுக்கு இரவு வேலை. பகலில் அவருடைய குறட்டை மட்டும்தான் வீட்டில் நடமாடும். மாமா, அம்மாவின் தம்பி, படகில் வந்தவர். தடுப்பு முகாமிலிருந்து விட்ட பிறகு எங்கள் முன்னறைச் செற்றியில் படுத்து, விசாக் கடிதத்துக்காகத் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வீட்டில் அன்ரி. நான் அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். சீனத்தில் எப்படிக் கூப்பிடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அவருடைய கணவர் தூரத்து ஊரொன்றில் உணவகச் சமையல்காரர். திங்கட்கிழமை மட்டும் வந்து, நாள் முழுக்கத் தூங்கிவிட்டுப் போவார். ஒரு மகன், ஒரு மகள். ஒரே நாளில் பிறந்தவர்கள் என்றுதான் பள்ளிக்கூடத்துக்கும் எங்களுக்கும் தெரியும். அம்மாவுக்குப் பின்னேர வேலை என்றால் பள்ளி விட்டதும் நான் அன்ரி வீட்டுக்குப் போவேன். அதற்குப் பதிலாக அன்ரிக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை அம்மா வாசித்துச் சொல்வார். அந்த வீட்டில் இஞ்சியும் வினாகிரியும் வெயிலில் காய்ந்த தோடம்பழத் தோலும் சேர்ந்த ஒரு வாசம் இருக்கும். எனக்கு அது பிடிக்கும். பயம் வாசத்தில் இல்லை, வேறிடத்தில் இருந்தது.

முதலில், அந்தப் பாடம். சாப்பாடு முடிந்ததும் அன்ரி இருவரையும் எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். சீனத்தில் ஒரு தடவை, பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு தடவை. யார் முதலில் வந்தது? "அவன்," என்பாள் மகள். பிறகு? "ஏழு நிமிடம் கழித்து நான்." எந்த ஆஸ்பத்திரி? எந்த மாதம்? அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். எனக்கு வாய்பாடு கேட்பதுபோல அவர்களுக்கு இது என்று முதலில் நினைத்தேன். பிறகுதான், பிறந்ததை யாராவது பாடமாக்குவார்களா என்று யோசித்தேன். கேட்டால் கதவைச் சாத்திவிடுவார்களோ என்று கேட்கவில்லை.

அடுத்தது, மார்ச் மாதத்துக் கேக். பதினொரு மெழுகுதிரி. அண்ணன் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினான். அவள் ஊதவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு ஓரடி விலகி நின்றாள், தனக்கும் அவனுக்கும் நடுவில் இன்னொருவர் நிற்க இடம் விடுவதுபோல. அன்ரி படம் எடுத்தார். அந்த இடைவெளியை மூடச் சொல்லி அவரும் சொல்லவில்லை. நான் கேக்கைத் தின்றேன், ஆனால் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே தின்றேன்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரே பிரம்புத் தொட்டிலில் சிவப்புக் குல்லாய் போட்ட இரண்டு குழந்தைகள். வலப்பக்கம் கொழுகொழு என்று இருப்பவன் அண்ணன். இடப்பக்கக் குழந்தை படமெடுத்தவரைப் பார்க்கவில்லை, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்டில் கணக்கெடுப்புப் படிவம் பிளாஸ்டிக் பையில் வீடு வீடாக வந்தது. அன்ரி அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் குசினிக்கு வந்தார். அம்மாவுக்குப் படிவம் நிரப்புவதென்றால் ஒரு தனி உற்சாகம். மாமாவின் புண்ணியத்தில் கை நன்றாகப் பழகியிருந்தது. "பயப்பிடாதேங்கோ, இதை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டினம்," என்று தமிழில் ஆறுதல் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். பெண்கள் ஒவ்வொருவரும் இதுவரை எத்தனை பிள்ளை பெற்றார்கள் என்று ஒரு கேள்வி அதில் இருந்தது. அம்மா மெதுவாக வாசித்து, வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

அன்ரி மூன்று விரலைக் காட்டினார்.

காட்டியதும் முகம் வெளுத்துவிட்டது. ஒரு விரலை மடக்கினார். அது முழுதாக மடங்காமல் அரைவாசியில் நின்றது. "இரண்டு," என்றார். "இரண்டு. சேர்ந்து வந்தது." அம்மா இரண்டு என்று எழுதினார். ஆனால் அன்ரி போன பிறகும் பேனையை மூடவில்லை.

"மூண்டு பெத்தவள்தான் மூண்டு காட்டுவாள்," என்றார் மாமாவிடம். "மற்றது எங்கை?"

"செத்திருக்கும், அக்கா. விடுங்கோ."

"செத்தால் செத்தது எண்டு சொல்லலாம்தானே. ஏன் ஒளிக்கிறா?"

அன்றிலிருந்து அம்மா அன்ரியின் மகளை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினார். அம்மாவின் கண் வார்டுக் கண். பதினொரு வயதுப் பிள்ளை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், எவ்வளவு நிறை இருக்க வேண்டும் என்ற கோடுகள் அவருடைய தலைக்குள்ளேயே வரைந்திருந்தன. அவள் அந்தக் கோட்டுக்குக் கீழே, வெகு கீழே நின்றாள். அண்ணனோ அவளைவிட ஒரு தலை உயரம். படிக்கட்டில் அவளைக் கண்டால் அம்மா மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார், கொஞ்சுவதுபோல. அது கொஞ்சல் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

செப்டெம்பரில் ஒரு பின்னேரம் நான் போனபோது முன்வீட்டுத் திரைச்சீலைகள் எல்லாம் மூடியிருந்தன. வெளியே நல்ல வெயில். உள்ளே அவள் மட்டும் மேசையில் இருந்தாள். முன்னால் ஒரு கிண்ணம் நூடுல்ஸ், மேலே ஒரு முட்டை. அண்ணன் வாசற்கதவில் சாய்ந்து காவல் நின்றான். ஆயுள் குறையாமலிருக்க, நூடுல்ஸைக் கடித்து அறுக்காமல் நீளமாக உறிஞ்ச வேண்டும் என்று அன்ரி சைகை காட்டினார். பிறகு அவள் தலையைத் தடவி ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சின்னப் பெயர். பள்ளிக்கூடப் பெயர் இல்லை, நான் ஒருபோதும் கேட்டிராத பெயர். அவள் நிமிர்ந்தாள். அந்த முகம் அப்படி மலர்ந்து நான் முன்னே பார்த்ததில்லை.

கீழே துணி காயப்போடும் கம்பியடியில் சொன்னாள்: "இன்றைக்கு எனக்குப் பத்து வயது."

"உனக்கு மார்ச்சிலே பதினொன்று வந்துவிட்டதே."

"அது அவளுக்கு."

"எவளுக்கு?"

"ஃப்ரிட்ஜில் இருக்கிறாளே. இடப்பக்கம்."

நல்ல வெயிலில் நின்றுகொண்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் சொன்னதில் பாதி அன்று விளங்கியது, மீதி பின்னால் அன்ரி சொல்லித்தான் விளங்கியது. அவர்கள் ஊரில் அப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளைதான். அரசாங்கத்தின் கட்டளை. இரட்டை பிறந்தால் குற்றமில்லை. அப்படித்தான் அண்ணனும் அந்தப் பெண் குழந்தையும் குடும்பப் பதிவுப் புத்தகத்தில் ஏறினார்கள். ஏழு மாதத்தில், குளிர் தொடங்கிய ஓர் இரவில், பெண் குழந்தை இறந்தது. இறந்ததை அவர்கள் பதியவில்லை. அடுத்த வருடம் இவள் பிறந்தாள். பிறந்ததையும் பதியவில்லை. பதிந்தால் தண்டனை. மூன்று வயது வரை இவளை வாசலுக்கு விடாமல் வைத்திருந்து, பிள்ளைக்குச் சுகமில்லை என்று அயலுக்குச் சொல்லி, பிறகு செத்தவளின் பெயரோடு வெளியே கொண்டுவந்தார்கள். அந்தப் பெயரில்தான் பாஸ்போர்ட், அந்தப் பெயரில்தான் விசா. உண்மை வெளியே வந்தால் குடும்பத்தோடு விமானம் ஏற வேண்டும்.

"ஆனால் கொஞ்ச நாள்தான்," என்றாள். "சிட்டிசன்ஷிப் கிடைத்ததும் என் பெயரை எனக்குத் தருவதாக அம்மா சொல்லியிருக்கிறார். இந்த நாட்டில் பெயர் மாற்றலாம். அதற்கு ஃபார்ம் இருக்கிறதாம்."

அந்தப் பெயரை எனக்குச் சொல்லிப் பழக்கினாள். ஏற்ற இறக்கம் பிழைத்தால் கோபம் வந்தது. ஏழெட்டுத் தரம் சொன்ன பிறகுதான் தலையாட்டினாள். வெளியில் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாயிரம் பிள்ளைகள் இருக்கும் நம் வட்டாரத்தில் அவளுடைய பெயர் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பெருமைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே அம்மா கேட்டார்: "முன்வீட்டுப் பிள்ளையைப் பற்றி உனக்கு ஏதும் தெரியுமோ? அவை அவளுக்குச் சாப்பாடு குடுக்கினமோ? அவள் அவையின்ரை பிள்ளைதானோ?" ஒன்றும் தெரியாது என்றேன். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொன்னேன். அவளுக்குப் பத்து வயதுதான் என்ற ஒரு சொல் சொல்லியிருந்தால் அம்மாவின் கோடுகள் எல்லாம் சரியாகியிருக்கும். நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

அம்மா தொலைபேசியை எடுத்தபோது மாமா குறுக்கே வந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அக்கா, உந்தப் போனை வையுங்கோ. பேப்பரிலை ஒண்டும் வீட்டிலை ஒண்டுமா இருக்கிற சனத்துக்கு அதுக்கொரு காரணம் இருக்கும். ஆசைக்கு ஒருத்தரும் அப்பிடி இருக்கமாட்டினம்."

"நீ உன்ரை அலுவலைப் பார். நான் தாதி. கண்டும் சொல்லாமல் விட்டால் என்ரை வேலை போகும். பிள்ளைக்கு ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

"கதவைத் தட்டி அவவையே கேக்கலாம்தானே?"

"உன்ரை விசா முடியுமட்டும் இந்த வீட்டிலை அரசாங்கம் பிழை பிடிக்க ஒண்டும் இருக்கக் கூடாது. விளங்குதோ?"

கதவுக்கும் கதவுக்கும் நடுவில் ஆறடிதான். அம்மா அந்த ஆறடியைக் கடக்காமல், எங்கோ இருக்கும் ஒரு பிள்ளைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் பேசினார். அம்மா கெட்டவர் இல்லை. பயந்தவர். அந்தப் பயத்தை அவருக்கும் ஓர் அரசாங்கம்தான் பழக்கியது, ஒன்றல்ல இரண்டு. இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இரண்டு பெண்கள் வந்தார்கள். கழுத்தில் அட்டை, கையில் கோப்பு. தன்மையானவர்கள். அன்று நானும் அங்கேதான் இருந்தேன். மொழிபெயர்ப்பாளர் நேரில் வரவில்லை. தொலைபேசியை மேசை நடுவில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார்கள். கேள்வி ஆங்கிலத்தில் போய்ச் சீனத்தில் வந்தது, பதில் சீனத்தில் போய் ஆங்கிலத்தில் வந்தது. அந்த ஆண்குரலுக்கு உணர்ச்சியே இல்லை. என்ன சாப்பிடுகிறாய், எங்கே படுக்கிறாய், யாராவது அடிப்பார்களா. அவள் ஒழுங்காகப் பதில் சொன்னாள். ஏழு நிமிடத்தையும் சொன்னாள். அன்ரி தேநீருக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

எழுந்து போகும்போது, ஒரு பெண் ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சும்மா பேச்சுக்குக் கேட்டார்: "இதில் நீ யார்?"

அவள் நடந்து போய் இடப்பக்கக் குழந்தையின் மேல் விரலை வைத்தாள். அதோடு பாடம் முடிந்தது. ஆனால் அவள் விரலை எடுக்கவில்லை. படத்தைப் பார்த்தபடியே சீனத்தில் மெதுவாக ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். பிறகு அந்த ஆண்குரல் ஆங்கிலத்தில் சொன்னது:

"எனக்குக் குளிர்ந்தது. போர்வை அவன் பக்கம் போய்விட்டது. நான் அழுதேன். அம்மா எழும்பவில்லை."

கோப்பை நிரம்பி, மேசை நிரம்பி, வெந்நீர் அன்ரியின் காலில் கொட்டியது. அவர் காலை இழுக்கவில்லை. அண்ணன் மேசைக்கடியில் போய்விட்டான். வந்த பெண் சிரித்து, பிள்ளைக்கு நல்ல கற்பனை என்று சொல்லி எதையோ எழுதிக்கொண்டார். சிறிய பிள்ளை, ஆனால் ஆரோக்கியமான பிள்ளை, பெற்றவர்களின் பிள்ளைதான். கோப்பு மூடப்பட்டது.

மறுநாள் அன்ரி எங்கள் குசினிக்கு வந்து கதிரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னார். வேறு யாரிடம் சொல்வார்? உடைந்த ஆங்கிலத்தில், கையும் காலும் சேர்த்துச் சொன்னார். "போர்வை யாருக்கும் தெரியாது. கணவருக்கும் சொல்லவில்லை. எனக்கு மட்டும். நான் களைத்துத் தூங்கிவிட்டேன். அவளுக்கு யார் சொன்னது?" தூக்கத்தில் அன்ரி பிதற்றியிருப்பார், இவள் கேட்டிருப்பாள் என்று நான் இன்று நினைக்கிறேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு விருப்பம்.

பிறகு அன்ரி கேட்டார்: "யார் அவர்களுக்குப் பேசியது?"

"தெரியாது," என்றார் அம்மா, தேநீரை ஊற்றிக்கொண்டே. செற்றியிலிருந்த மாமா எழுந்து வெளியே போனார். இருட்டும்வரை வரவில்லை.

அன்ரி போனதும் அம்மா என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமோ?" தெரியும் என்றேன். "கேட்ட நேரம் சொல்லியிருக்கலாம்தானே." அடிக்கத்தான் கை ஓங்கினார். பிறகு அந்தக் கையாலேயே தன் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. இப்போது இரக்கம்தான் வருகிறது, எங்கள் இருவர் மேலும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாடம் நடக்கவில்லை. தேவைப்படவில்லை. யாரும் கேட்காமலே அவள் சொன்னாள். தொட்டிலின் பிரம்பு கன்னத்தில் குத்தியது என்றாள். குல்லாய் சொறிந்தது என்றாள். பக்கத்தில் அவள் உட்கார்ந்தால் அண்ணன் எழுந்து போனான். அவள் இடது பக்கமாகவே தூங்கத் தொடங்கினாள் என்று அன்ரி அம்மாவிடம் முறையிட்டார். என்னோடு விளையாடுவதையும் நிறுத்திவிட்டாள். "நீ சின்னப் பிள்ளை," என்றாள். நான் அவளைவிட இரண்டு மாதம் மூத்தவள்.

பயந்த அன்ரி, பெயர் மாற்றும் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சிட்டிசன்ஷிப் வந்தால் பயம் போகும், பயம் போனால் அவள் திரும்பி வருவாள். அடுத்த மே மாதம் நகரசபை மண்டபத்தில் சத்தியப்பிரமாணம். எங்களையும் அழைத்திருந்தார்கள். சீனா இரண்டு குடியுரிமை வைத்திருக்க விடாது. இங்கே சேர்ந்தால் அங்கே பதிவுப் புத்தகத்தில் பெயரை வெட்டிவிட வேண்டும் என்று போகும் வழியில் அன்ரி அம்மாவிடம் சொன்னார். நான் பின்சீற்றில் இருந்து கணக்குப் பார்த்தேன். அங்கே வெட்டப்படுவது செத்தவளின் பெயர். இங்கே எழுதப்படுவதும் செத்தவளின் பெயர். என் சிநேகிதி எந்த நாட்டின் எந்தத் தாளிலும் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

மேயர் பெயர்களை வாசித்தார். குடும்பமாக மேடை ஏறினார்கள். எல்லாருக்கும் சின்னப் பையில் ஒரு செடி கொடுத்தார்கள். தன் மகள் மேயரின் கையைக் குலுக்குவதை அன்ரி பார்த்துக்கொண்டே அழுதார். கூட்டம் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக் கைதட்டியது. அம்மா கைதட்டவில்லை.

பிறகு தேநீர். நீண்ட மேசையில் கேக்குகள், ஒரே சத்தம். அவள் முதுகு காட்டி நின்றாள். இதுதான் நேரம் என்று எனக்குப் பட்டது. இனி யாரும் அவர்களை அனுப்ப முடியாது. நான் அந்தப் பெயரைக் கூப்பிட்டேன். அவள் பழக்கியபடியே, ஏற்ற இறக்கம் பிழைக்காமல், பலமாகக் கூப்பிட்டேன்.

அன்ரி திரும்பினார். அண்ணன் திரும்பினான். மேசையின் அந்தப் பக்கம் நின்ற தகப்பனும் கோப்பையோடு திரும்பினார். அவள் திரும்பவில்லை. கேக்கின் மேலிருந்த தேங்காய்ப்பூத் துருவலை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

நான் கிட்டப் போய்த் தோளைத் தொட்டேன்.

"யாரைக் கூப்பிட்டாய்?" என்றாள்.

"உன்னைத்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தும்போது ஒரு பொறுமை வருமே, அந்தப் பொறுமை.

"அப்படி ஒருத்தி பிறக்கவில்லை," என்றாள். "அம்மா எங்கள் இரண்டு பேரோடும் நிறுத்திக்கொண்டார்."